பத்து மணி நேரம் உக்காந்து படிச்சா அதுக்குப் பேர் உழைப்பா? (பர்மாவுல பன்னெண்டாவது படிக்கற நம்ம தமிழ்ப் பசங்க, பெத்தவங்க எல்லாரும் வாங்க)

தாம்வே அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது. பெரிய பையன் இந்த வருஷம் பன்னெண்டாவது, பயோ எடுத்திருக்கான். விடியக்காலைல எழும்பி டியூசன், அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் இன்னொரு டியூசன், ராத்திரி வீட்டுக்கு கைடு (தனியா சொல்லிக் கொடுக்கற வாத்தியார்) வர்றாரு, அவர் முன்னாடி உக்காந்து சத்தம் போட்டு மனப்பாடம் பண்றான், படுக்க பதினொண்ணு தாண்டிடும். சோம்பேறின்னு அவனைச் சொல்லவே முடியாது. ஆனா டியூசன் டெஸ்ட்ல பிசிக்ஸ் 38, கெமிஸ்ட்ரி 45. பாஸ் மார்க் 40, ஆறு பாடத்துல ஒண்ணு போனாலும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வீட்ல அவங்க "இன்னும் உழைக்கணும் இவன்"ங்கறாங்க. இதுக்கு மேல எங்கேருந்து உழைப்பான், தூக்கமே அஞ்சு மணி நேரம்தான். இன்னொரு டியூசன் சேக்கணுமா, இல்ல மண்டலே பக்கம் போர்டிங்ல விடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தட்டோன் மாமா:
தம்பி, உழைப்பை விட்டா நமக்கு வேற கதி இல்ல, அதை மட்டும் மறந்துடாதீங்க. 1964 ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப, அம்பது நூறு நோட்டு செல்லாதுன்னு ஆனப்ப நான் சின்னப் பையன். அப்பாவோட மளிகைக் கடை போச்சு, சொந்தத்துல பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க, நாங்க இங்கயே தங்கிட்டோம். அம்மா இட்லி சுட்டு வித்தாங்க. டியூசனாவது கைடாவது, மூணு பேருக்கும் சேத்து ஒரே புத்தகம், மண்ணெண்ண விளக்கு ஒண்ணு. அண்ணன் படிச்சு முடிச்சதும் என் கைக்கு வரும், நான் ஒரு மணி நேரத்துல தங்கச்சிகிட்ட கொடுத்துடணும், அதனால கையில இருக்கறப்பவே முழிச்சுக்கிட்டு படிச்சுட்டு, புத்தகம் போனதும் ஞாபகத்துல இருக்கறதை சிலேட்டுல எழுதிப் பாப்போம், விட்டுப்போனதுக்கு மறுநாள் காத்திருக்கணும். அப்படித்தான் மூணு பேரும் பத்தாவது தேறினோம். இப்ப பசங்களுக்கு எல்லாமே கையில இருக்கு. போர்டிங் வேண்டாம், வீட்டுச் சோறு சாப்பிட்டுப் படிக்கட்டும், ஆனா விடாம படிக்கட்டும்.

பெகு சயா:
தாம்வே அண்ணே, நான் பெகுல பிசிக்ஸ் டியூசன் எடுக்கற சயா, அதாவது வாத்தியார். உங்க பையன் மாதிரி பசங்கதான் என் வகுப்புல முக்கால்வாசி, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

பையன் களைச்சுப் போறது நிஜம். ஆனா அந்தக் களைப்பு பூரா கேக்கறதுலயும் காப்பி பண்றதுலயும் கூடச் சேந்து கத்தறதுலயும்தான் போகுது. காலைல டியூசன்ல போர்டுல போடறதை எழுதிக்கறான், ஸ்கூல்லயும் அதே, சாயங்காலமும் அதே, ராத்திரி கைடு முன்னாடி காலைல எழுதினதை சத்தமா வாசிக்கறான். அவனா தனியா ஒரு கணக்கோட மல்லுக்கட்டுற நேரம் நாள்ல எவ்வளவுன்னு பாருங்க, பத்து நிமிஷம் கூட தேறாது.

போன மாசம் என் வகுப்புல ஒரு பொண்ணு. நோட்டு அவ்வளவு சுத்தம், ஸ்கேல் வெச்சு கோடு போட்டு பதிலுக்கு சிவப்பு மையில பெட்டி போட்டிருக்கும். கார் ஒண்ணு செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போகுது, ஆக்சலரேஷன் 2, அஞ்சு செகண்டுல எவ்வளவு தூரம் போகும்? நோட்டப் பாக்காமலே 75 மீட்டர்னு சொல்லுது, ஃபார்முலாவும் ஒரு எழுத்து மாறாம வருது. சரி, நோட்டை மூடும்மான்னு சொல்லிட்டு, அதே கார், அதே ஆக்சலரேஷன், அஞ்சு செகண்டுல 75 மீட்டர் போயிருக்கு, கிளம்பறப்ப என்ன வேகம்னு கேட்டேன். பேனா அப்படியே நின்னுபோச்சு. "இந்தக் கணக்கு நீங்க போட்டுத் தரலையே சயா"ன்னு சொல்லுது. ஒண்ணும் சொல்லிக் கொடுக்காம பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். தெரிஞ்சதை எழுது, தெரியாததுக்கு ஒரு எழுத்தைப் போடு, அவ்வளவுதான் சொன்னேன். எழுதி அடிச்சு, மறுபடி எழுதி அடிச்சு, கண்ணு கலங்கிடுச்சு அதுக்கு, கடைசில 75 ல 25 ஐக் கழிச்சு அஞ்சால வகுத்து 10 னு கொண்டு வந்து நிறுத்துச்சு. வகுப்பு முடிஞ்சு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. என்னைக் கேட்டா அன்னைக்கு அந்தப் பொண்ணு உழைச்சது அந்தக் கொஞ்ச நேரம்தான், மத்ததெல்லாம் உக்காந்திருந்த நேரம்.

தட்டோன் மாமா சொன்னதை மறுபடி படிங்க அண்ணே. புத்தகத்தைக் கொடுத்துட்டு சிலேட்டுல எழுதிப் பாத்தாங்களே, அதுதான் விஷயம். கஷ்டத்துல அவங்க பண்ணினதை நம்ம பசங்க வசதியிருந்தும் பண்றதில்ல, நாமளும் பண்ண விடறதில்ல, நேரம் காலியா இருந்தா உடனே அங்க ஒரு டியூசனைத் திணிச்சுடறோம்.

இன்னொரு டியூசன் வேண்டாம்னு என் வாயாலயே சொல்றேன், டியூசன்லதான் என் வீட்டு அடுப்பு எரியுது. சாயங்கால டியூசனை நிறுத்திட்டு அந்த நேரத்தைப் பையன் கையில கொடுங்க.

இன்செயின் பொண்ணு:
சயா, மரியாதையோட ஒண்ணு கேக்கறேன். நானும் பன்னெண்டாவது. நீங்க சொல்றது பிசிக்ஸ் மேத்ஸுக்கு சரி, ஆனா பர்மீஸ் பேப்பர்? அங்க செய்யுள் விளக்கம் புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதினாதான் மார்க், நம்ம சொந்தமா எழுதினா வெட்டிடுவாங்க. பயோவும் அப்படித்தான். மனப்பாடம் பண்ணாம எப்படி முடியும்? அதுவும் எங்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு, வீட்ல தமிழ், வகுப்புல விளக்கறது பர்மீஸ், சயின்ஸ்ல வர்ற வார்த்தையெல்லாம் இங்கிலீஷ், மூணையும் தலைக்குள்ள மாத்தி மாத்தி போட்டுக்கணும். கரண்டு நாலு மணி நேரம் இருந்தா நாலு மணி நேரம் இல்ல, அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. அம்மா சமையல் முழுக்க கரண்டு வர்ற நேரத்துலதான், அப்ப நான் கூடமாட உதவி பண்ணணும், முடிச்சுட்டு உக்காந்தா லைட் போயிடும், சார்ஜ் லைட்ல படிக்கறேன், அதுவும் பாதில மங்கிடும். உழைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, உழைக்கத்தான் செய்யறோம்.

மண்டலே கணக்கு:
நானும் கொஞ்சம் சொல்லணும். உழைச்சா எல்லாம் கிடைக்கும்னு பசங்ககிட்ட சொல்லாதீங்க, முழுசா உண்மை இல்ல அது. எனக்கு அஞ்சு பாடத்துல டி (டிஸ்டிங்ஷன்) வந்துச்சு, அவுங்சாயின் போர்டுல, அதான் பாஸ் ஆனவங்க பட்டியல்ல, என் நம்பரப் பாத்துட்டு அப்பா தெருவுல நின்னு அழுதாரு. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை, மார்க்கும் இருந்தது. ஆனா எங்க வீட்ல யாருக்கும் பிங்க் கார்டு, அதாவது முழுக் குடியுரிமை உள்ளவங்களுக்கான அடையாள அட்டை, கிடையாது. 1982 சட்டத்துக்கு அப்புறம் பிங்க், நீலம், பச்சைன்னு மூணு கலர் ஆச்சுல்ல, எங்களுது பச்சை, மனு போட்டு குடியுரிமை வாங்கினவங்களுக்கு உள்ளது. தாத்தா பர்மாவுல பொறந்ததுக்கு பேப்பர் இல்லைன்னு ஒரு ஆபீஸ்ல அலைய விட்டே ஃபாரம் போடற தேதி முடிஞ்சுபோச்சு. எந்த ஆபீஸ்னு இங்க சொல்ல விரும்பல. நம்ம ஜனங்கள்ல எத்தனையோ வீட்ல இது நடந்திருக்கு, அந்தப் பையன் கிட்டப் போய் நீ இன்னும் உழைச்சிருக்கணும்னு சொன்னா அது பாவம்.

தட்டோன் மாமா:
மண்டலே தம்பி, நீ எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப்போச்சு. எங்க வீட்லயும் என் தங்கச்சி மகனுக்கு இதே கதை. உழைப்பை விட்டா கதி இல்லன்னு நான் சொன்னது உன்னை மாதிரி ஆளுங்களைக் குத்தம் சொல்ல இல்லப்பா. நீ அப்புறம் என்ன பண்ணினே, சொல்லு, பசங்க படிக்கட்டும்.

மண்டலே கணக்கு:
மாமா, ஒரு வருஷம் ஒண்ணும் பண்ணல, டீக்கடையே கதின்னு கிடந்தேன். அப்புறம் அஞ்சல்வழி யுனிவர்சிட்டில சேந்துட்டு எல்சிசிஐங்கற லண்டன் சேம்பர் நடத்தற அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சேன், அதுக்கு யாரும் கார்டு கலர் கேக்கல. லெவல் ஒண்ணு சுலபம், லெவல் ரெண்டுல கொஞ்சம் திணறினேன், லெவல் மூணுல பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலைன்னா ராத்திரி தூக்கம் வராது. இங்கதான் பெகு சயா சொல்ற விஷயம் எனக்கும் புரிஞ்சுது. மேட்ரிக்கு, அதான் ஸ்கூல் கடைசிப் பரீட்சைக்கு, நான் மாடு மாதிரி மனப்பாடம் பண்ணினவன், அக்கவுண்டிங்ல அது எடுபடல, பழைய கேள்வித்தாளை வாங்கி விடையைப் பாக்காம போட்டு, எங்க தப்புன்னு நானே தேடித் தேடித்தான் பழகினேன். இப்ப ஒரு அரிசி மில்லுல கணக்கு என் பொறுப்பு. டாக்டர் ஆகலைங்கற வருத்தம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எந்த வழி அடைச்சிருந்தாலும் இந்தப் பழக்கம் கூட வருது, அதைத்தான் பசங்களுக்கு சொல்லணும்.

பெகு சயா:
தம்பி, கார்டு விஷயத்துல உங்க பக்கம்தான் நியாயம். பெத்தவங்க ஒண்ணு செய்யணும், பிள்ளை ஒன்பதாவது படிக்கறப்பவே கார்டு பேப்பர், வீட்ல இருக்கறவங்க பேர்ப் பட்டியல் எல்லாத்தையும் சரி பண்ண ஆரம்பிச்சுடணும், அது பெரியவங்க உழைக்க வேண்டிய இடம், பிள்ளை தலைல கட்டக் கூடாது.

இப்ப இன்செயின் பாப்பாவுக்கு. மனப்பாடம் வேண்டாம்னு நான் சொல்லலம்மா. மனப்பாடம் பண்ற விதத்தைத்தான் சொல்றேன். 2006 ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு கட்டுரையை ஒரு குரூப் நாலு தடவை படிச்சுது. இன்னொரு குரூப் ஒரே தடவை படிச்சுட்டு, மூணு தடவை பேப்பரை எடுத்து வெச்சுட்டு ஞாபகத்துலருந்து எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா நாலு தடவை படிச்சவங்க 83 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 71. நம்ம கைடு முன்னாடி ஒப்பிச்சு காட்டற பிள்ளை பாஸ்னு நாம நெனைக்கறது இந்த 83 ஐப் பாத்துத்தான். ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டா படிச்சவங்களுக்கு 40 தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. பரீட்சை அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றதில்ல, மாசக்கணக்கு கழிச்சு வருது.

அதனால பர்மீஸ் செய்யுளா இருந்தாலும் பத்து தடவை கத்தாதே. ரெண்டு தடவை நல்லாப் படி, புத்தகத்தை மூடு, எழுது, தொறந்து பாத்து விட்டதை மட்டும் வேற கலர்ல எழுது. மறுநாள் ஒரு தடவை, மூணு நாள் விட்டு ஒரு தடவை, வாரம் கழிச்சு ஒரு தடவை. எழுதறப்ப ஞாபகம் வராம தவிக்கறதுதான் அந்த வேலையே, அது பிடிக்காமதான் பசங்க திரும்பவும் வாசிக்கப் போயிடறாங்க. கரண்டு போற நேரம் உனக்கு இதுக்குத்தான் உதவும், புத்தகம் பாக்க வெளிச்சம் வேணும், மூடிட்டு யோசிச்சு ஒப்பிச்சுப் பாக்க மங்கின லைட்டே போதும். லைட் இருக்கறப்ப படி, போனப்ப சோதிச்சுப் பாரு.

இன்னொண்ணும் மனசுல ரொம்ப நாளா இருக்கு. இங்க புத்தர், தம்மம், சங்கம், தாய் தகப்பன், சயா அஞ்சையும் ஒரே வரிசைல வெச்சுக் கும்பிடுவாங்க, நம்ம வீட்லயும் மாதா பிதா குரு தெய்வம்தான். நல்ல பழக்கம், நானே அதனால மரியாதையா இருக்கேன். ஆனா அந்த மரியாதைல "சயா, எனக்கு இது புரியல"ன்னு கை தூக்க ஒரு பிள்ளையும் முன்வர மாட்டேங்குது. அறுபது பேர் உக்காந்திருக்காங்க, புரிஞ்சுதான்னு கேட்டா அறுபது பேரும் தலையாட்டறாங்க, டெஸ்ட் வெச்சா இருபது பேருக்குத்தான் புரிஞ்சிருக்கு. கேள்வி கேக்கறதும் உழைப்புதான், அதுக்குத் துணிச்சல் வேணும். வீட்ல பெத்தவங்க "இன்னைக்கு சயா என்ன சொல்லிக் கொடுத்தாரு"ன்னு கேக்கறதோட "நீ என்ன கேட்டே"ன்னும் கேளுங்க.

மோல்மீன் அக்கா:
எனக்கு இந்த விஷயத்துல பேச உரிமை இருக்குன்னு நெனைக்கறேன், நாலு பிள்ளைங்க. பையன் படிச்சா எல்லாரும் சத்தம் போடாம இருப்போம், டிவி கூட போடறதில்ல. பொண்ணு படிச்சா மட்டும் நடுவுல தண்ணி எடுத்துட்டு வா, தம்பிக்கு சோறு போடுன்னு கூப்பிடறோம். இன்செயின் பாப்பா எழுதினதப் படிச்சதும் எங்க வீடுதான் கண்ணுல நின்னுச்சு. அவ அம்மா இதைப் படிச்சா, தாயி, பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பொண்ணை அடுப்படிப் பக்கம் கூப்பிடாதீங்க, பையன் இருந்தா அவன் பாத்திரம் கழுவட்டும்.

அப்புறம் டீக்கடைல தட்டு தூக்கற பசங்க, பத்து வயசு பன்னெண்டு வயசு, விடியறதுக்கு முன்னாடியே நிக்கறாங்க, ராத்திரி பெஞ்சைச் சேத்துப் போட்டு அதுலயே தூங்கறாங்க. அவங்களை விட உழைக்கற பிள்ளை எந்த ஊர்ல இருக்கு? எங்க தெருக் கடைல ஒரு பையன், நம்ம தமிழ்ப் பையன், பில்லு முழுக்க மனசுலயே கூட்டுவான், ஒரு காசு தப்பாது. ஸ்கூல் பக்கம் போனதே இல்ல. இவங்களுக்கு உழைப்போட அருமைய யாரும் சொல்ல வேண்டியதில்ல, நேரமும் ஒரு வாத்தியாரும்தான் வேணும். கோயில் வகுப்புல தமிழ் சொல்லிக் கொடுக்கற மாதிரி கணக்கும் பர்மீஸும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தா என்னன்னு நான் கோயில் பெரியவங்ககிட்ட கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஜப்பான்ல இருக்கற தம்பி:
அக்கா நீங்க சொன்ன டீக்கடைப் பையன்ல நானும் ஒருத்தன், ரங்கூன்ல 19 வயசு வரைக்கும். எட்டாவதோட நிறுத்திட்டேன். இப்ப ஜப்பான்ல முதியோர் இல்லத்துல வேலை. வர்றதுக்கு ஜேஎல்பிடிங்கற ஜப்பான் பாஷைப் பரீட்சைல நாலாவது லெவல் வேணும்னாங்க, கஞ்ஜிங்கற சீன எழுத்தே ஏறக்குறைய முன்னூறு. படிச்சு பழக்கமே இல்லாதவனுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கடைல ஆர்டர் எழுதற சீட்டு இருக்குல்ல, அதுல முன்னாடி கஞ்ஜி, பின்னாடி அர்த்தம் எழுதி சட்டைப் பைல வெச்சுப்பேன், டேபிள் துடைக்கறப்ப ஒரு சீட்டு எடுத்துப் பாத்து அர்த்தம் சொல்லி, திருப்பிப் பாப்பேன். தப்பாச்சுன்னா வலது பை, சரியாச்சுன்னா இடது பை. ராத்திரி வலது பைல இருக்கறதை மட்டும் எழுதுவேன். சயா சொன்ன சோதனையெல்லாம் எனக்குத் தெரியாது, சீட்டுல எழுதினா மறக்கலைங்கறது மட்டும் தெரிஞ்சுது. தமிழ் மாதிரியே ஜப்பான் பாஷைலயும் வினைச்சொல் கடைசில வர்றதால வாக்கியம் அமைக்கறது சீக்கிரம் பிடிபட்டுச்சு. ஜூலைல எழுதினது போச்சு, டிசம்பர்ல பாஸ். அந்தத் தெருக் கடைப் பையன் ஃபோன் வெச்சிருந்தா என் அனுபவத்தை அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்கக்கா, பணம் ஏதாவது வேணும்னாலும் கோயில் வகுப்புக்கு நான் அனுப்பறேன்.

தாம்வே அப்பா:
எல்லாருக்கும் கும்பிடு. வீட்ல அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டினேன், பையனுக்கும் காட்டினேன். நேத்து ராத்திரி அவன்கிட்ட "சாயங்கால டியூசனை நிறுத்தட்டுமாப்பா"ன்னு கேட்டேன், நிறுத்துங்கன்னு சொல்லுவான்னு பாத்தா பயந்துட்டான். "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் போகலைன்னா?"ங்கறான். இந்த பயத்துக்கு என்ன பண்றது சயா? கைடுக்கு மூணு மாசத்துக்கு முன்பணம் வேற கொடுத்தாச்சு.

பெகு சயா:
அண்ணே அந்த பயம் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கு, பல வருஷம் மூணுல ஒருத்தர்தான் பாஸ் ஆன பரீட்சை இது, ஊரே பயப்படுது. ஒரேயடியா நிறுத்தாதீங்க. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டுக்கு மட்டும் வாரத்துல ரெண்டு சாயங்காலம் வீட்ல இருக்கட்டும். கைடை அனுப்ப வேண்டாம், அவர் வேலையை மாத்துங்க. சத்தமா வாசிக்க வைக்கறதுக்கு பதிலா கேள்வி கேக்கச் சொல்லுங்க, எண்ணை மாத்திக் கேக்கணும், தலைகீழாக் கேக்கணும், பையன் முழிச்சா உடனே விடை சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கணும். அது நல்ல கைடுக்குத் தெரியும். தூக்கம் கண்டிப்பா ஏழு மணி நேரம், படிச்சது மண்டைல உறையறது தூக்கத்துலதான், அதுல பேரம் வேண்டாம். ஒரு மாசம் பாருங்க, அடுத்த டெஸ்ட்ல 38 எங்க நிக்குதுன்னு இங்கயே வந்து எழுதுங்க.

இன்செயின் பொண்ணு:
சயா நேத்து கரண்டு போனப்ப நீங்க சொன்ன மாதிரி பர்மீஸ் செய்யுள் ஒண்ணு எழுதிப் பாத்தேன், நல்லா தெரியும்னு நெனச்சது, பாதிதான் வந்துச்சு, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இன்னைக்கு மறுபடி எழுதினேன், நாலு வரிதான் விட்டுப்போச்சு. தாம்வே மாமா, உங்க பையனுக்கு பழைய கெமிஸ்ட்ரி கேள்வித்தாள் வேணும்னா என்கிட்ட ஒரு கட்டு இருக்கு, எங்க அண்ணன் வெச்சிருந்தது, பாடத்திட்டம் மாறினதால சில கேள்வி ஒத்து வராது, அதையெல்லாம் பென்சில்ல அடிச்சு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்கு எடுத்துட்டு வர்றேன், காப்பி எடுத்துட்டு திருப்பிக் கொடுத்துடுங்க, நானும் இன்னும் முடிக்கல.

மோல்மீன் அக்கா:
எனக்கும் ஒரு காப்பி எடுத்து வைங்க தாம்வே தம்பி, பஸ்ல வர்ற ஆள்கிட்ட கொடுத்து விட்டா போதும். என் மூணாவது பொண்ணு அடுத்த வருஷம் எழுதறா.